பயறு ஒட்டிச் செய்த கிளியை வண்டு அரித்துவிட்டது, அடுத்த படமாவது நிலைக்க வழி சொல்லுங்கள்

ஈரோடு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. இந்தக் கோடை விடுமுறையில் வெயிலுக்குப் பயந்து மதியம் முழுக்க வீட்டுக்குள்ளேயேதான் இருந்தோம். செல்போனைக் கையில் கொடுக்க மனசில்லை. ஒருநாள் சமையலறை அலமாரியிலிருந்த டப்பாக்களை இறக்கித் தரையில் பரப்பி, "வா கண்ணு, இதுல ஒரு கிளி பண்ணலாம்" என்றேன்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி, அதில் கிளி வரைந்தேன். உடம்புக்குப் பச்சைப்பயறு, கழுத்து வளையத்துக்கு மைசூர் பருப்பு, கண்ணுக்கு ஒற்றை மிளகு, மூக்குக்கு வரமிளகாயின் நுனி. பசை, வீட்டில் காய்ச்சிய மைதா பசை. முடிக்க மூன்று மதியம் ஆனது. முதல் நாள் பயறைக் கைநிறைய அள்ளிக் கொட்டியவள், மூன்றாம் நாள் இறக்கை ஓரத்தில் ஒவ்வொரு பயறாக எடுத்து வைத்து, விரல் நுனியால் அழுத்தி, ஒட்டிக்கொண்டதா என்று அட்டையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நடுவில் மிளகாயைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். அது என் கவனக்குறைவு. மிளகாயை அவள் கையில் கொடுத்திருக்கவே கூடாது.

படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். பால் ஊற்ற வருகிறவர்வரை எல்லோரையும் கூட்டி வந்து காட்டினாள். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், சுவரில் சின்னச் சின்னதாகப் பழுப்பு வண்டுகள் ஊர ஆரம்பித்தன. கிட்டே போய்ப் பார்த்தால், கிளியின் வயிற்றில் பயறுக்குப் பயறு வட்டமாக ஓட்டை. லேசாகத் தட்டியதும் மாவாகக் கொட்டியது.

அன்றைக்கு மதியமே என் அத்தை (மாமியார்) அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். "சோத்துக்கு வெச்சிருக்கறதச் செவுத்துல ஒட்டுவாங்களா?" என்றார். அவர் சின்ன வயதில் ஒருவேளைக் கம்பங்கூழுக்கே கஷ்டப்பட்டவர். அதனால் எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. பாப்பா சாயங்காலம் வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி தூங்கப்போகும்போதுதான் அழுதாள்.

வரும் ஆவணியில் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அப்பா காங்கேயம் காளை வளர்த்தவர். "அப்புச்சிக்கு நான் காளை செஞ்சு தர்றேன்" என்று பாப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இந்தப் படம் வண்டு பிடிக்காமல் நாலைந்து வருஷமாவது இருக்க வேண்டும். என்னென்ன தானியம் எடுக்கலாம், எப்படி ஒட்டலாம்? அத்தையின் மனசும் நோகக் கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கும்பகோணம் சித்தி:

உங்கள் அத்தை சொன்னதைத்தான் எங்கள் அம்மாவும் சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் பசையே கிடையாது. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் குழந்தைகள் படத்தை அடுக்குவார்கள், நான் போட்டோ எடுப்பேன், அப்புறம் அதைக் கலைத்துவிடுவோம். படத்தில் இருந்த அரிசி, துவரம் பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து எல்லாவற்றையும் அப்படியே கழுவி ஊறப்போட்டால் ராத்திரிக்கு அடை. "இது மயிலோட கழுத்து, இது மயிலோட தோகை" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்கள்.

கொலு நாட்களில் கொண்டைக்கடலையிலோ மொச்சையிலோ படம் போட்டு, மறுநாள் அதையே சுண்டலுக்கு எடுத்துக்கொள்வோம். நவராத்திரியில் பருப்பால் கோலம் போடுகிற வழக்கம் இருக்கிறது. தானியத்தில் படம் போடுவது நமக்குப் புதிது இல்லை என்று உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்கிற பரிசைக் கலைக்க முடியாதே. அதற்கு எனக்கு வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


விருதுநகர் கடைத் தாத்தா:

அம்மா, நான் விருதுநகரில் 38 வருஷம் மளிகைக் கடை நடத்தியவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். பருப்பும் பயறும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊர் இது. என் பேத்திக்கு நாலு வயதிலிருந்து நானும் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைத்தான் செய்கிறோம். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வண்டு. அது உங்கள் சுவரிலிருந்து வரவில்லை, பயறோடு உள்ளே வந்தது. பயறு வண்டு முழுப் பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். ஒரு கைப்பிடி பச்சைப்பயறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிலதில் ஊசி முனையால் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுதான் முட்டை. புழு பொரித்து நேரே பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று, உள்ளேயே வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நீங்கள் ஒட்டிய நாளையும் வண்டு வந்த நாளையும் கணக்குப் போட்டால் சரியாக வரும். பாப்பா ஒட்டும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை, அதை அவளிடம் சொல்லுங்கள்.

இந்த வண்டுக்கு முழுப் பயறுதான் வேண்டும். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் அவ்வளவாகப் பிடிக்காது. பயறைப் பருப்பாக உடைத்து வைக்கிற பழக்கத்தில் இந்த லாபமும் உண்டு. ஆகவே நிலைக்க வேண்டிய படத்துக்குக் கூடியவரை உடைத்த பருப்பை எடுங்கள். பாசிப்பருப்பு, துவரம் பருப்பு, கடலைப்பருப்பு, மைசூர் பருப்பு, தொலி உளுந்து. முழுத் தானியம் வேண்டுமென்றால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் தானியத்தின்மேல் நீர் பூத்து ஈரமாகிவிடும். ஃப்ரீசர் இல்லாதவர்கள் வெறும் வாணலியில் சிறு தீயில் சூடேற வறுத்து எடுக்கலாம், நிறம் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை.

மைதா பசை வேண்டாம். அதுவே பூச்சிக்குச் சாப்பாடு, மழைக்காலத்தில் பூஞ்சணமும் பூக்கும். அந்தக் காலத்தில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த யோசனையே வேண்டாம். ஃபெவிகால்போல வெள்ளைப் பசை போதும். ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது துவரம் பருப்பு. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடையில் வாங்குகிற துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் தடவியது உண்டு, வண்டு அண்டாமல் இருக்கத் தடவுவது. அது பசையில் நிற்கவே நிற்காது. ஒட்டும்போது ஒட்டின மாதிரி இருக்கும், இரண்டு நாளில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். விரல் பளபளத்தால் எண்ணெய்ப் பருப்பு. அதைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, எண்ணெய் போடாத பருப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பருப்பை ஒரு விநாடி கையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. தட்டைப் பக்கம் அட்டையில் உட்கார வேண்டும். பிள்ளைகள் மேட்டுப் பக்கத்தைக் கீழே வைத்துவிடுவார்கள், அது ஆடிக்கொண்டே இருந்து உதிர்ந்துவிடும். என் பேத்திக்கு, "பருப்பு மல்லாந்து படுக்கக் கூடாது, குப்புறப் படுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு ஒட்டுவாள். அரிசிக்கு நீளம் உண்டு. இறகோ ரோமமோ எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே அரிசியின் கூர்முனையும் போக வேண்டும். திசை மாறினால் படம் கலைந்த மாதிரி தெரியும், ஆனால் பார்க்கிறவருக்கு ஏன் என்று புரியாது. கொள்ளு தட்டையாகக் கிடக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல வைத்தால் ஓடு வேய்ந்த கூரை. கடுகு உருண்டு ஓடும், அதைத் தூவத்தான் முடியும், வைக்க முடியாது.

பெரியது முதலில், பொடிசு கடைசியில். முதலில் கொண்டைக்கடலை, ராஜ்மா மாதிரிப் பெரியது. அதன்பின் பருப்புகள். கடைசியில் இடுக்குகளில் பசை விட்டுக் கேழ்வரகையோ கடுகையோ தூவி, அட்டையைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாததெல்லாம் கீழே வந்துவிடும். பொடிசை முதலில் தூவினால் அது எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு பெரியதை உட்காரவிடாது. பசையை ஒரு உள்ளங்கை அகலத்துக்குமேல் ஒரே தடவையில் பூசாதீர்கள். பிள்ளைகளின் கை அங்கே போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும்.

முடித்ததும் இரண்டு நாள் தரையில் கிடத்தியே காயவிடுங்கள். அவசரப்பட்டு நிமிர்த்தினால் கனமான தானியம் பசையோடு வழுக்கி இறங்கும். பளபளப்புக்காகத் தண்ணீர் கலந்த பசையை மேலே பூசச் சொல்வார்கள். பூசாதீர்கள். உளுந்து ஊறிப் புடைத்து வெடித்துக்கொண்டு வரும், நான் ஒரு யானையையே அப்படி இழந்தேன். படச்சட்டம் போடுகிற கடையில் சொன்னால் உள்ளே ஒரு விரல் கடை இடம் விட்டுக் கண்ணாடி போட்டுத் தருவார்கள். கரப்பான், எறும்பு, எலி எதுவும் அண்டாது.

உங்கள் அத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரைப் போன்றவர்களுக்குத்தான் நான் 38 வருஷம் பருப்பு நிறுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்து நூறு கிராம், ஐம்பது கிராம் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசுத் தட்டில் ஒட்டியிருந்த ஒரு பருப்பைக்கூட விரலால் ஒற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் கைக்குச் சுவரில் ஒட்டிய பயறைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும்.

நாங்கள் செய்வது இது. கடையில் மூட்டையைச் சுற்றிச் சிந்துவது ராத்திரி கூட்டும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். முன்பெல்லாம் அதைக் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். இப்போது அதில் ஒரு படி என் பேத்திக்கு. முறத்தில் போட்டுப் புடைத்து, தூசி போக்கி, அவள் முன்னால் வைப்பேன். அவள் பிரித்து எடுப்பாள். துவரை ஒரு கிண்ணம், உளுந்து ஒரு கிண்ணம், மைசூர் பருப்பு ஒரு கிண்ணம். படம் ஒட்டுவதைவிட எனக்கு இந்தப் பிரிக்கிற வேலைதான் பிடிக்கும். ஐந்து வயதிலேயே பாசிப்பருப்புக்கும் துவரம் பருப்புக்கும் வித்தியாசம் அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் ஊர் மளிகைக் கடையில் பழக்கமானவரிடம் கேட்டுப் பாருங்கள், உடைசலும் கூட்டிய பருப்பும் தருவார். வீட்டில் வண்டு விழுந்து சமைக்க முடியாமல் போனதையும் எடுக்கலாம், ஃப்ரீசரில் வைத்துச் சலித்து, ஓட்டை விழுந்ததை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். ஏ4 தாள் அளவுப் படத்துக்கு எல்லாம் சேர்த்துக் கால் கிலோகூடப் பிடிக்காது. இன்னொன்று, பிரிக்கிற வேலைக்கு உங்கள் அத்தையையே கூப்பிடுங்கள். முறம் பிடிக்க உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

காளைக்கு என்ன நிறம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எழுதுங்கள். தானியம் நான் சொல்கிறேன்.


இரண்டாம் வகுப்பு டீச்சர்:

கடைத் தாத்தா எழுதியதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன், நன்றி ஐயா.

நான் அரசு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் 28 பேர். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு செய்து கற்பதற்கு நிறைய இடம் கிடைத்தது. புளியங்கொட்டையும் பயறும் எப்போதும் என் மேசையில் இருக்கும். ஒரு விரலும் கட்டைவிரலும் சேர்த்து ஒரு பருப்பைப் பிடித்து எடுக்கிற பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பதும் சட்டைப் பித்தான் போடுவதும் சுலபமாக வருவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த வேலையைத் தரையில் வைத்துச் செய்யாதீர்கள். கொண்டைக்கடலை, பட்டாணி, மிளகு எல்லாம் தொண்டையில் அடைக்கிற அளவு. என் வகுப்பில் ஒரு பையன் பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தான். மூக்கின் ஈரத்திலேயே அது ஊறிப் பெருத்துவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் எடுத்தார். இப்படி ஆனால் தண்ணீர் விடாதீர்கள், ஊக்கு, தீக்குச்சி போட்டு நோண்டாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். திட்டவும் வேண்டாம். திட்டினால் அடுத்த தடவை சொல்லவே மாட்டார்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று அதைப் படத்துக்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடும் விஷம் அது, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. ராஜ்மாவைக்கூடப் பச்சையாகக் கடித்தால் வாந்தி வரும். எதை எடுத்தாலும், "இது சாப்பிட இல்லை, ஒட்ட மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் பள்ளியில் பசைக்குப் பணம் கிடையாது. அதனால் பழைய தட்டில் களிமண்ணை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, அதில் தானியத்தை அழுத்திப் படம் செய்கிறோம். ஒருமுறை வெள்ளிக்கிழமை செய்துவைத்துவிட்டுப் போய்விட்டோம். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் பச்சைப்பயறில் செய்த மீன் முழுக்க முளைத்து வெள்ளை வால் விட்டு நின்றது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் வந்துவிட்டது. அதிலிருந்து வேண்டுமென்றே ஈரம் தெளித்து முளைக்க வைக்கிறோம். கேழ்வரகில் போட்ட புல்தரை ஒரு வாரத்தில் நிஜப் புல்லாக நிற்கிறது. ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி பார்த்த பிள்ளைகள், "டீச்சர், இது மீன் முளைப்பாரி" என்றார்கள்.

ஈரோடு அம்மா, மிளகாய் விஷயத்தில் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். கிளி மூக்குக்குச் சிவப்புத் தட்டப்பயறு அழகாக இருக்கும்.


ஈரோடு அம்மா:

கடைத் தாத்தா, டீச்சர், சித்தி, மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, அந்த வெள்ளைப் புள்ளியை டப்பாவில் மிச்சமிருந்த பயறில் பார்த்துவிட்டேன். பாப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப நான் சரியாத்தான் ஒட்டினேனா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அப்பாவின் காளை மயிலை. உடம்பு வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், திமில், கழுத்து, பின் தொடை எல்லாம் கறுத்திருக்கும். கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து நுனி கிட்டத்தட்டச் சேரும். இடது பக்கம் பார்த்து நிற்கிறமாதிரி வரைந்திருக்கிறேன். சாம்பல் நிறத்துக்கு எந்தப் பருப்பை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. பின்னால் நீல வானமும் வேண்டும் என்கிறாள்.


விருதுநகர் கடைத் தாத்தா:

சாம்பலுக்குக் கம்பு, அம்மா. கம்பைவிட மயிலைக்குப் பொருத்தமான தானியம் நம் கடையில் கிடையாது. வயிற்றுப் பக்கம் வெளுக்க வேண்டிய இடத்தில் கம்போடு குருணை அரிசியைக் கலந்து தூவுங்கள், முதுகுப் பக்கம் போகப் போக வெறும் கம்பு. திமிலுக்கும் கழுத்துக்கும் கறுப்பு எள். எள்ளும் கம்பும் சேருகிற இடத்தில் கோடு போட்டமாதிரி நிறுத்திவிடாதீர்கள். ஒரு விரல் அகலத்துக்கு இரண்டும் கலந்து இருக்கட்டும், அப்போதுதான் கறுப்பு உடம்பிலிருந்து ஏறுவதுபோல இருக்கும். கொம்புக்குத் தொலி உளுந்து, அதைப் பாப்பா ஒவ்வொன்றாக வைக்கட்டும். கண்ணுக்கு ஒரு மிளகு, சுற்றிலும் உடைத்த வெள்ளை உளுந்து. மண்தரைக்குக் கேழ்வரகு. கம்பு, எள், கேழ்வரகு மூன்றும் முழுத் தானியம், மறக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள்.

நீலம் மட்டும் எங்கள் கடையில் எந்த மூட்டையிலும் இல்லை. நீலச் சங்குப்பூவைக் காயவைத்து, கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகச் சாறு இறக்குங்கள். அதில் நாலைந்து கரண்டி எடுத்துப் பச்சரிசியில் பிசறி நிழலில் உலர்த்துங்கள். வெளிர் நீலம் வரும். வானத்துக்கு அது போதும். ஒரு பிடி அரிசியில் மட்டும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும், பாப்பா முன்னால் விடுங்கள். நன்றாக உலர்ந்தபிறகுதான் ஒட்ட வேண்டும். வெயில் நேராக விழுகிற சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், இலை பூ சாயமெல்லாம் வெளுத்துவிடும்.


ஈரோடு அம்மா:

ஐயா, காளை முடிந்துவிட்டது. இன்று காலை படச்சட்டக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கூட்டிய தானியம் எங்கள் தெருமுனைக் கடையில் கேட்டதுமே கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. முறத்தோடு அத்தை முன்னால் வைத்தேன். முதலில் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புடைத்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "இங்க கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். அவர் முறத்தை ஒரு சாய்ப்புச் சாய்த்துத் தட்டினால் எள் தனியாக ஒரு பக்கம் வந்து நிற்கிறது. பாப்பா வாயைத் திறந்தபடி பார்த்தாள். இரண்டு சாயங்காலம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தார்கள். உடைசலையும் நொய்யையும் அத்தை தனியாகக் கட்டி வைத்திருக்கிறார், தினம் காலையில் மொட்டை மாடியில் குருவிக்குப் போடுகிறார்.

கம்பும் எள்ளும் கலக்கிற இடம் நீங்கள் சொன்னமாதிரியே வந்தது. தொலி உளுந்தைக் கொம்பில் வைக்கும்போது, "குப்புறப் படு, குப்புறப் படு" என்று பாடிக்கொண்டே வைத்தாள். எலுமிச்சைச் சாறு விட்டதைப் பார்த்தபிறகு வானம் முழுக்க ஊதாதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். மாலை நேரத்து வானம்போலத்தான் இருக்கிறது.

நடுவில் அப்பா ஒருநாள் வந்துவிட்டார். மறைக்க முடியவில்லை. அட்டையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "திமில் சரியா இருக்குது கண்ணு. இதுக்குப் பக்கத்துல ஒரு கன்னு போடு" என்றார். பாப்பா கம்பை எடுத்ததும், "அது இல்ல. மயிலைக்குப் பொறந்தாலும் கன்னு பொறக்கும்போது செவலையாத்தான் இருக்கும். ஆறு மாசத்துலதான் நெறம் மாறும்" என்று சொல்லி, கேழ்வரகுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கன்றின் முதல் பிடிக் கேழ்வரகை அப்பாதான் தூவினார்.

கன்றுக்குக் கால் நான்கும் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டன. பாப்பா மாற்ற விடவில்லை, இப்போதுதான் பிறந்தது, அப்படித்தான் இருக்கும் என்கிறாள். கூடத்து ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பாசிப்பருப்பில் கிளி, மஞ்சள் கிளி. அத்தைதான் பருப்பு பிரித்து வைத்திருக்கிறார்.